சுவரும் நாட்குறிப்பும்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புகழாத புதுச்சேரிக்காரன் கிடையாது. படித்துவிட்டுப் புகழ்கிறவர்கள் கொஞ்சம். படிக்காமலே புகழ்கிறவர்கள் அதிகம். சரித்திரக்காரர்கள் அதில் டூப்ளேயைத் தேடுகிறார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் அந்தக் காலத்துத் துணி வியாபாரத்தையும் கப்பல் சரக்கையும் தேடுகிறார்கள். மொழி ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழ் கிடைக்கிறது. தேடி வந்தவன் எவனும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பெரிய புத்தகத்துக்கு அது ஒரு லட்சணம்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அதில் தேடியது வேறு ஒன்று. ஓர் எழுத்தாளனுடைய நேர்மையை எந்த இடத்தில் வைத்துச் சோதிப்பது? அவன் கண்ணீர் விட்ட இடத்தில் சோதித்துப் பயனில்லை. கோபப்பட்ட இடத்திலும் பயனில்லை. அங்கெல்லாம் அவன் விழிப்போடு இருக்கிறான். தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்து, வந்த செய்தியை வந்தபடி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனானே, அந்த இடத்தில் சோதிக்க வேண்டும். அவன் கண் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

பிள்ளையின் நாட்குறிப்பில் அப்படி ஓர் இடம் 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வருகிறது. ஒரு மாதா கோயிலுக்குள் இருந்த சுவரைப் பற்றிய குறிப்பு அது. மேற்கோள்களில் அது அவ்வப்போது வருகிறது. இலக்கியமாக வைத்து யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அப்படிப் படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். பிள்ளை 1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தார். வியாபாரத்தில் வளர்ந்து, பிரெஞ்சுக் கும்பெனியின் அலுவல்களில் நம்பிக்கை பெற்று, டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷ் பதவிக்கு உயர்ந்தார். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை 1761 ஜனவரியில் சாகிற வரையில் ஏறக்குறைய விடாமல் எழுதினார். அவர் இறந்த சில நாட்களில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கையெழுத்துப் பிரதிகள் 1846-இல்தான் ஒரு பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டன. சென்னை சர்க்கார் அதை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு ஆங்கிலத் தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948-இல். தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழன் அச்சில் பார்க்க, ஆங்கிலம் வெளிவந்து நாற்பத்து நாலு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. நம் புத்தகங்களின் தலையெழுத்து அப்படி.

இனி அந்தக் குறிப்புக்கு வருவோம். இன்று சம்பாக் கோயில் என்று ஊரார் சொல்கிற மாதா கோயில் இருக்குமிடத்தில் அன்று சேசு சபைக் குருமாரின் கோயில் இருந்தது. சேன் போல் என்ற பெயரைத் தமிழ் நாக்கு சம்பாவாக்கிவிட்டது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. 1761-இல் ஊரோடு சேர்ந்து அழிந்துபோயிற்று. இப்போது நிற்பது 1791-இல் கட்டி முடித்தது. பழைய கோயிலுக்குள் வடக்குப் பக்கமாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறு பக்கம் மேல்ஜாதித் தமிழ்க் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் ஐரோப்பியர்களும். பூசை ஒன்று, பீடம் ஒன்று, பிரசங்கம் ஒன்று. காதில் விழுவது எல்லோருக்கும் ஒன்றாக விழலாம், தோளில் தோள் படக்கூடாது என்பது ஏற்பாடு.

காரைக்காலிலிருந்து ஒரு பாதிரியார் புதுச்சேரிக்கு வருகிறார். இந்தச் சுவரைப் பார்க்கிறார். பறையர்களிடம் பேசுகிறார். அவர்கள் திரண்டு பெரிய பாதிரியாரிடம் போகிறார்கள். நாங்கள் மெய்யாகவே உங்கள் சீடர்கள் என்றால் எங்களை மட்டும் ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள், கும்பிடுகிறவர்களுக்குள் ஆண்டவன் வேற்றுமை செய்தானா, ஜாதிக்காரர்கள் எங்களை ஒதுக்கினால் நீங்களும் ஏன் அதற்கு உடன்பட்டீர்கள் என்ற கருத்தில் அவர்கள் நியாயம் கேட்கிறார்கள். பெரிய பாதிரியார் கேட்டுக்கொள்கிறார். சுவரை இடிக்கச் சொல்கிறார். சுவர் இடிகிறது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பூசை காண்கிறார்கள்.

பிள்ளை இதோடு நிறுத்தவில்லை. அப்போது தலைமைத் துபாஷாக இருந்தவர் கனகராய முதலியார். அவர் கிறிஸ்தவர். அவருடைய உறவினர் ஒருவரின் மனைவி, மெல்லிய துணி உடுத்தி, நகை பூட்டி, வாசனை பூசிக் கோயிலுக்கு வருகிறாள். பாதிரியார் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். கையிலிருந்த பிரம்பால் அவள் கொண்டையைத் தீண்டி, குடும்ப ஸ்திரீ இப்படியா வருவது என்று கடிந்து வெளியே அனுப்புகிறார். ஜாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போகிறார்கள். ஒருவன் பாதிரியாரின் அங்கியைப் பிடித்து இழுத்து ஏசுகிறான். இனி கோயிலுக்கே வரமாட்டோம் என்கிறார்கள். செய்தி கவர்னரிடம் போகிறது. கூட்டம் கூடி இதைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பிடித்து அடைக்கும்படி உத்தரவாகிறது. கலகம் அடங்குகிறது. குறிப்பும் முடிகிறது.

ஒரு நாட்குறிப்பின் பக்கத்தில் இவ்வளவு இருக்கிறது. ஒரு நாவலுக்குப் போதும்.

பிள்ளைக்கு முதலில் சேரவேண்டிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். அவர் கிறிஸ்தவரல்லர், வைஷ்ணவர். அந்தச் சுவர் இருந்தாலும் இடிந்தாலும் அவருக்கு லாப நஷ்டம் கிடையாது. பறையர்களிடம் அவருக்குப் பரிவு இருந்தது என்று காட்ட அந்தக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வியை அவர் குறைக்கவில்லை; திரிக்கவில்லை; பரிகாசம் செய்யவில்லை. வாதத்தை வாதமாகவே வைத்திருக்கிறார். இன்று படிக்கிற நமக்கு அந்தக் கேள்வி முழு பலத்தோடு வந்து சேருகிறது. அவர்களிடம் அனுதாபம் கொண்டு எழுதிய எத்தனையோ பிற்காலக் கதைகளில் அவர்கள் அழுகிறார்கள், விழுகிறார்கள், சாகிறார்கள், நியாயம் பேசுவதில்லை. அனுதாபமில்லாத பிள்ளையின் பக்கத்தில் அவர்கள் நியாயம் பேசுகிறார்கள். அனுதாபத்தைவிட உண்மையான காது இலக்கியத்துக்கு அதிகம் உதவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் காது வேறு, கண் வேறு. அந்தக் குறிப்பில் பிள்ளையின் கண் எங்கே நிற்கிறது என்று கவனித்துப் பாருங்கள். சுவர் இடிகிற இடம் சுருக்கமாகப் போகிறது. இடிந்த பிறகு முதல் தடவையாக மற்றவர்களோடு உட்கார்ந்தவர்களின் முகம் எப்படி இருந்தது? அன்று வீடு திரும்பி என்ன பேசிக்கொண்டார்கள்? ஒன்றும் இல்லை. துபாஷ் வீட்டு உறவுக்காரப் பெண் வந்ததும் பேனாவுக்கு உயிர் வந்துவிடுகிறது. அவள் உடுத்திய துணியின் நயம், நகை, வாசனை, பாதிரியார் மூக்கைப் பிடித்தது, பிரம்பு, ஏச்சு எல்லாம் வரிசையாக வருகின்றன. காரணம் இருக்கிறது. கனகராய முதலியார் வகித்த பதவிக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்டவர் பிள்ளை. முதலியார் 1746-இல் இறந்தார். மறு வருஷம் அந்தப் பதவி பிள்ளைக்கு வந்தது. போட்டிக் குடும்பத்துக்கு நாலு பேர் நடுவில் நேர்ந்த தலைகுனிவு அவருக்குச் சுவையான செய்தி. சுவர் அந்தச் செய்திக்கு முன்கதை.

உணர்ச்சியே இல்லாத மனிதர் என்று பிள்ளையை நினைத்துவிடக் கூடாது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், அதே மாதா கோயிலை ஒட்டி நின்ற வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் குறிப்பைப் படித்தால் பிள்ளையின் நெஞ்சு எரிவது நமக்குத் தெரியும். யார் யார் வந்தார்கள், யார் என்ன செய்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் எப்படிக் கைகட்டி நின்றார்கள் என்று பேர் பேராக எழுதுகிறார். இடிபடுகிற கட்டடத்தைப் பார்த்து அவரால் எழுத முடியும். இடிந்தது தம்முடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு இடத்தின் மதிப்புத் தெரியாதா என்றால், அதுவும் இல்லை. யாருக்கு எங்கே நிற்க உரிமை, யார் எதில் ஏறிவரலாம் என்ற விஷயத்தில் அவரைப்போல் நுட்பம் தெரிந்தவர் அந்த ஊரில் குறைவு. கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கிலேயே போகும் உரிமையும் தங்கப்பூண் பிடித்த கைத்தடியும் அவருக்குக் கிடைத்த கௌரவங்கள். ஒரு மனிதன் எங்கே உட்காருகிறான் என்பதில் அவன் மானம் இருக்கிறது என்று அவர் தம் வரையில் அறிந்திருந்தார். கோயிலுக்குள் வடக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அதே மானத்தைத்தான் கேட்டார்கள் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

ஜாதி என்ற ஏற்பாடு அவர் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது என்று சொல்லித் தப்பவும் முடியாது. அதே 1745-ஆம் ஆண்டு, இந்தச் சம்பவத்துக்குச் சில வாரங்களுக்குப் பின், கனகராய முதலியார் ஒழுகரையில் கட்டிய மாதா கோயிலுக்குப் பிரதிஷ்டை நடந்தது. முதலியார் எல்லா ஜாதியாரையும் விருந்துக்கு அழைத்தார். பிராமணர்களுக்குப் பிராமணர் சமையல், வேளாளர்களுக்கு வேறிடத்தில் சமையல், ஐரோப்பியர்களுக்குத் தனி மேஜை என்று அவரவர் ஆசாரம் கெடாமல் ஏற்பாடு. பிள்ளை இதையெல்லாம் எழுதிவிட்டு, கிறிஸ்தவக் கோயில் விழாவுக்கு ஹிந்து ஜாதி ஆசாரப்படி விருந்து வைப்பது பொருத்தமாயில்லை என்று குறை சொல்கிறார். எவ்வளவு கூர்மையான கண்! முரண்பாடு அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் தெரிந்தது போட்டிக்காரரின் பந்தியில். கோயில் சுவரில் தெரியவில்லை.

தேங்காய்த்திட்டில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். ரோடியர் மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். சேரியில் பிறந்தவன் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிக்கொள்பவர். கண் பார்வை மங்கிவிட்டதால் யாராவது படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு சாயங்காலம் அந்தக் குறிப்பை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "போய் நியாயம் கேட்டாங்களே, அவங்க பேரு என்ன தம்பி?" என்றார்.

"பேர் இல்லீங்க ஐயா. பறையர்கள் என்றுதான் இருக்கிறது."

"சாமியார் அங்கியைப் புடிச்சு இழுத்தானே, அவன் பேரு?"

"இன்னாருடைய மகன் என்று இருக்கிறது."

"அந்தப் பொம்பளை பேரு?"

"இன்னாருடைய பெண்சாதி என்று இருக்கிறது."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவரு மறைக்கலை தம்பி. கேட்டிருக்கமாட்டாரு. கேக்கணும்னு அவருக்குத் தோணியிருக்காது" என்றார்.

இந்த விமரிசனத்தைவிட மேலான விமரிசனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்தப் பக்கத்தில் மூன்று தரத்து மனிதர்கள் இருக்கிறார்கள். சொந்தப் பெயரும் தகப்பன் பெயரும் உள்ளவர்கள் ஒரு தரம். புருஷன் பெயரால் மட்டும் அறியப்படும் பெண் ஒரு தரம். ஜாதிப் பெயரைத் தவிர வேறு பெயரில்லாதவர்கள் ஒரு தரம். கோயிலுக்குள் இருந்த சுவரைப் பாதிரியார் இடித்துவிட்டார். நாட்குறிப்புக்குள் இருந்த சுவர் அப்படியே நின்றுவிட்டது. எழுதியவருக்கு அப்படி ஒரு சுவர் இருந்ததே தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலம் என்று நாம் சொல்வது யாருடைய காலம்? 1745 பிள்ளைக்கு மட்டும் சொந்தமான வருஷமா? பெரிய பாதிரியாரிடம் போய் நின்றவர்களும் அதே வருஷத்தில்தான் வாழ்ந்தார்கள். கும்பிடுகிறவர்களுக்குள் வேற்றுமை கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு அந்தக் காலத்திலேயே இருந்தது. மேலே இருந்தவர்களின் எண்ணத்தையே அந்தக் காலத்தின் எண்ணம் என்று வைத்துக்கொண்டு, கீழே இருந்தவர்களைக் காலத்துக்கு வெளியே தள்ளிவிடுவது இன்னொரு சுவர்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் அந்தப் பேச்சு அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. போப்பின் பிரதிநிதியாக இதே புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் போய்த் திருச்சடங்கு செய்யக் குருமார் மறுக்கக்கூடாது என்று 1704-இல் ஆணை போட்டார். அதன்மேல் நாற்பது ஆண்டு வழக்காடல் நடந்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் போப் அதை முடித்துவைத்து ஆணை வெளியிட்டார். முடிவு என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனிக் குருமாரை நியமித்துக்கொள்ளலாம் என்ற சமரசம். சுவரை இடிக்காமல் இரு பக்கத்துக்கும் ஆள் போடுகிற யோசனை. ரோமாபுரியில் தத்துவம் படித்தவர்கள் நாற்பது ஆண்டு யோசித்துச் சமரசத்தில் முடித்த விஷயத்தை, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத புதுச்சேரிக்காரர்கள் மறு வருஷமே ஒரு கேள்வியில் நேராகக் கேட்டுவிட்டார்கள். காலத்தை முந்தியவர்கள் யார், பிந்தியவர்கள் யார் என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தச் சுவர் இடிந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. பிரெஞ்சு இந்தியாவின் மாதா கோயில்களில் ஜாதிப் பிரிவினை இருபதாம் நூற்றாண்டு வரையில் உயிரோடிருந்தது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குப் பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கைகள் இரண்டு. ஜாதிக்கு ஒரு கை. 1910-ஐ ஒட்டி அதன் இடைத்தடுப்பை எடுத்தபோது வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரையில் போயிற்று. ஜாதிக்கென்று கோயிலுக்குள் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் பிறகாவது நின்றதா? புதுச்சேரி–கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட விவகாரம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒன்றாக உட்கார வேண்டும் என்று 1745-இல் கேட்டவர்களின் வாரிசுகள், ஒன்றாக உட்கார்ந்து பட்டது போதும், தனியாகவாவது மரியாதையோடு இருக்கவிடுங்கள் என்று 2008-இல் கேட்கும்படி ஆயிற்று. ஹிந்துக்கள் தரப்பில் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரவேண்டியிருந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்துக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு.

புதுச்சேரியில் பெயரில்லாதவர்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்பது தனிக் கதை. 1819 ஜனவரியில் பிரெஞ்சு நிர்வாகம், இந்தியர்களுக்கு அவரவர் ஜாதி வழக்கப்படியே நியாயம் என்று உறுதி கொடுத்தது. ஜாதியால் உயர்ந்தவர்களுக்கு அது உறுதி. தாழ்த்தப்பட்டவர்களுக்கு அது விலங்கு. 1881 செப்டம்பரில் வந்த ஆணை, விரும்புகிறவர்கள் அந்த வழக்கத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம் என்றது. துறக்கிறவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த இயக்கத்தில் முன்னின்ற வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை லா போர்த் என்ற பெயரை ஏற்றார். வாசல் என்று அர்த்தம். அவர் மேல்ஜாதிக்காரர். ஆனால் அந்த வாசலில் நுழைந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் மிகுதி. கையெழுத்துப் போட்டு ஒரு பெயரை வாங்கிக்கொண்டு வருவதைச் சிலர் பரிகசித்தார்கள். பெயர் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அது பரிகாசமாகத்தான் இருக்கும்.

சர்க்கார் புத்தகத்தில் பெயர் ஏறியது. இலக்கியத்தில் எப்போது ஏறியது? 1908 முதல் 1918 வரை பாரதியார் இந்த ஊரில் வாழ்ந்தார். கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்கு அவர் பூணூல் போட்டுக் காயத்திரி உபதேசம் செய்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. கனகலிங்கம் வெறும் பூணூல் தாங்கிய தோள் அல்லர். அவர் ஓர் ஆசிரியர். 'என் குருநாதர் பாரதியார்' என்ற அவருடைய புத்தகம் 1947-இல் வெளிவந்தது. தலைப்பிலேயே குருவை முன்னால் நிறுத்தித் தம்மைப் பின்னால் நிறுத்திக்கொள்கிற அடக்கம் இருக்கிறது. இருந்தாலும் அட்டையில் இருப்பது அவருடைய பெயர். 1745-இல் கும்பலாகக் கேட்டவர்களுக்கும் 1947-இல் தனி மனிதனாகக் கையெழுத்திட்டவருக்கும் நடுவில் இருநூறு ஆண்டுகள். பிள்ளையின் தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது அதற்கு மறு வருஷம் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு வந்தவர்கள் அடக்கத்தையும் கழற்றி வைத்துவிட்டார்கள். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. மாதா கோயிலுக்குள்ளும் மடத்துக்குள்ளும் இருக்கிற ஜாதியைச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து எழுதிய புத்தகம் அது. பிள்ளை வெளியே நின்று ஒரு பக்கத்தில் எழுதிய விஷயத்தை உள்ளே வாழ்ந்தவர் ஒரு புத்தகமாக எழுதினார். நடையைப் பற்றி அப்போது சிலர் முகம் சுளித்தார்கள்; பேச்சு மொழி அதிகம் என்றார்கள். பிள்ளையின் நாட்குறிப்பும் பேச்சு மொழிதான். அதை மட்டும் மொழிப் பொக்கிஷம் என்கிறோம். இந்த வேற்றுமைக்கு இலக்கியக் காரணம் ஏதாவது உண்டா என்று எனக்கு யாராவது விளக்க வேண்டும்.

நம்முடைய சரித்திர நாவல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சோழர் காலத்தை வைத்து எழுதப்பட்ட நாவல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில் ஊருக்கு ஊர் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதப்பட்டிருக்கின்றன. ராஜராஜனுடைய கல் வெட்டுகிறவன் மறைக்காத சேரியை நாவலாசிரியர்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள்? குதிரை வருகிறது, ஓலை வருகிறது, சுரங்க வழி வருகிறது. ஊரின் ஓரத்தில் இருந்தவர்கள் வருவதில்லை. பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற நாவல்களை எழுதியபோது சரித்திர நாவல் அரண்மனையை விட்டு வீதிக்கு வந்தது. இரண்டாவது நாவலுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் கிடைத்தது. வீதிக்கு வந்த நாவல் இன்னும் நடந்து போக வேண்டிய தூரம் இருக்கிறது.

சமூக நாவல்களிலும் சிறுகதைகளிலும் இதே நோய் வேறு உருவத்தில் இருக்கிறது. பண்ணையாருக்குப் பெயர் உண்டு, அவர் மாட்டுக்குக்கூடப் பெயர் உண்டு. மாட்டை மேய்க்கிறவன் ஒரு சேரிக்காரன். ஜாதிக் கொடுமையைக் கண்டித்து எழுதப்பட்ட கதையாகவே அது இருக்கும். ஆசிரியரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெயரில்லாதவனுக்குப் பிடிவாதம் இருக்காது, விருப்பு வெறுப்பு இருக்காது, தமாஷ் இருக்காது. பரிதாபம் ஒன்றுதான் இருக்கும். பரிதாபத்தை வைத்துக் கண்ணீர் வரவழைக்கலாம், மனிதனைச் சிருஷ்டிக்க முடியாது. வெறுமனே ஒரு முருகனையோ முனியனையோ சூட்டிவிட்டால் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பெயர் கேட்பது என்றால் யார் மகன், என்ன தொழில், என்ன ஆசை, எதற்குச் சிரிப்பான், எதற்குச் சண்டைக்கு வருவான் என்று கேட்பது. அத்தனையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவனை வெறும் ஜாதிப் பெயரால் எழுத உங்கள் கை ஓடாது.

பிள்ளையின் நாட்குறிப்பை யாரும் குறைத்து மதிக்க வேண்டாம். தமிழ் உரைநடையில் அது ஒரு பெரிய காரியம். அந்தச் சுவரைப் பற்றி நமக்குச் சொன்ன தமிழ்ச் சாட்சியும் அவர்தாம். அவர் எழுதியிராவிட்டால் அந்தக் கேள்வியும் காற்றோடு போயிருக்கும். அதற்காக நன்றி சொல்வோம். நன்றி சொல்லிக்கொண்டே, அவர் கேட்காமல் விட்டதையும் சொல்வோம். புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. அதில் அவருடைய மாளிகை இன்னும் நிற்கிறது. டூப்ளேக்குச் சிலை இருக்கிறது. சுவரை இடிக்க வைத்தவர்களுக்கு வீதியும் இல்லை, சிலையும் இல்லை. வைக்கலாம் என்றால் எழுதுவதற்குப் பெயர் இல்லை. அந்தப் பெயர்கள் போனது போனதுதான். இனி எழுதப் போகிறவர்களுடைய பக்கங்களில் அப்படிப் போகாமல் இருக்க வேண்டும்.